சூரியப் படத்தில் கறையா? ஃபில்டரைக் குறை சொல்லும் முன்

சூரிய ஒளியைப் பெருமளவு தடுக்கும் சோலார் ஃபிலிமைத் தொலைநோக்கியின் முன்புறம் மாட்டுவதற்கு முன், பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டையோ கீறலோ தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அடர்த்தி (ஒளியைத் தடுக்கும் அளவு) 3.8 உள்ள ஃபிலிம் கேமராவுக்கு மட்டும்தான். கண் வைத்துப் பார்க்க 5.0 வேண்டும், அதாவது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கே உள்ளே வரும்.

இனி கறைக்கு வருவோம். திரையைப் பார்த்தபடி தொலைநோக்கியைச் சற்றே நகர்த்துங்கள். சூரியனோடு சேர்ந்து நகர்ந்தால் அது சூரியப் புள்ளி, கவலை இல்லை. திரையில் அசையாமல் நின்றால் கேமராவை 90 பாகை திருப்புங்கள். அப்போதும் அதே இடத்தில் இருந்தால் கோளாறு கேமராவில். இடம் மாறினால் கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடிகளில்.

தூசி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கணக்கிடலாம்: நிழல் வளையத்தின் விட்டத்தை எஃப் எண்ணால் (குவியத் தொலைவை முன்கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) பெருக்குங்கள். 2.4 மைக்ரான் பிக்சலில் வளையம் 42 பிக்சல் அகலம் என்றால் சுமார் 0.1 மி.மீ.; எஃப்/20 அமைப்பில் தூசி சென்சாரிலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி, அநேகமாக அதன் மூடு கண்ணாடியில். வளையம் 1 மி.மீ. என்றால் 20 மி.மீ. தள்ளித் தேடுங்கள். காற்றுப் பந்தால் ஊதிப் பாருங்கள், துடைப்பது கடைசி வழி.

ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் (656.28 நானோமீட்டர்) படமெடுக்கும்போது தொல்லை தருவது இணைவரிகளாகவோ வில்களாகவோ தெரியும் நியூட்டன் வளையங்கள். ஃபில்டர் 0.7 ஆங்ஸ்ட்ராம் அகல அலைநீளப் பட்டையை மட்டும் விட்டால், ஒளியின் ஒத்திசைவு நீளம் (எவ்வளவு பாதை வேறுபாடு வரை அலைகள் குறுக்கிடும் என்ற அளவு) சுமார் 6 மி.மீ.; மூடு கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையே எதிரொளிக்கும் ஒளி தன்னோடு தானே குறுக்கிட அதுவே போதும். கேமராவுக்கு முன் டில்ட் அடாப்டர் (கேமராவைச் சாய்க்க உதவும் இணைப்பு) போட்டு, கோடுகள் நெருங்கி நெருங்கி மறையும்வரை சாய்த்துக்கொண்டே வாருங்கள். அளவு மீறினால் படத்தின் ஒரு ஓரம் ஃபோகஸ் இழக்கும். ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஒப்பீட்டுப் படம்) எடுத்துச் சரிசெய்வது அரைகுறைதான்: எட்டலானை (அந்தக் குறுகிய பட்டையைத் தேர்ந்தெடுக்கும் ஃபில்டரை) ட்யூன் செய்தாலோ கேமரா சற்று அசைந்தாலோ கோடுகள் இடம் மாறிவிடும்.

சிறு புள்ளி ஃபோகஸுக்கு உள்ளே ஒரு திசையிலும் வெளியே செங்குத்துத் திசையிலும் நீள்கிறதா? ஃபிலிமை இழுத்துப் பிடித்து மாட்டியிருப்பீர்கள். தளர்த்திவிடுங்கள்; சுருக்கம் இருந்தால் பார்க்க அழகில்லையே தவிர, பாதகமில்லை. கூர்மை நொடிக்கு நொடி மாறினால் அது காற்றின் வேலை, எந்த ஃபில்டரும் தீர்க்காது.