பட்டனை நீக்கும் முன் ஒளித்துப் பாருங்கள்

ஆப்பில் ஒரு பட்டன் தேவையா என்ற சந்தேகம் வந்தால், உடனே நீக்காமல் 10 சதவீதப் பயனர்களுக்கு மட்டும் அதை மூன்று புள்ளி மெனுவுக்குள் தள்ளி, ஒரு முழு மாதம் விடுங்கள். தேடிப் போய் அழுத்துகிறவருக்கு அது நிஜமாகவே தேவை. முகப்பிலேயே இருந்தால் கைதவறிப் பட்டதும் கணக்கில் சேர்ந்துவிடும். கிளிக்குகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள், ஒருவரே நூறு முறை அழுத்தியிருக்கலாம். ஒரு வாரத்தோடு நிறுத்தினால், மாதக் கடைசியில் மட்டும் ரிப்போர்ட் எடுக்கும் கணக்காளர் கண்ணில் படமாட்டார். (வாய்விட்டுக் கேட்டால் எல்லாரும் ‘இருந்துட்டுப் போகட்டுமே’ என்பார்கள்.)

பணம் திரும்பப் பெறுதல், கணக்கை அழித்தல், எழுத்தைப் பெரிதாக்குதல் போன்றவற்றில் இதைச் செய்யாதீர்கள். அழுத்துகிறவர்கள் குறைவு, ஆனால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. நேற்று வந்த புது வசதிக்கும் வேண்டாம்: அது இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.