கட்டுப்பாட்டு வரைபடத்தின் சுருக்கக் கணக்கைச் சாஸில் சேமிப்பது எப்படி?

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் தேயிலை பொதி செய்யும் ஓரிடத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தேன். மணிக்கொரு தடவை ஐந்து பக்கற்றுகளை எடுத்து நிறுப்போம். அந்த எடைகளைச் சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, எடை எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடம் எடுத்து, அதைப் படமாக மட்டும் வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து, வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவர் பழைய எடைகள் எவ்வளவு ஏறி இறங்கின என்று கேட்டார். கையில் இருந்தவை படங்கள்தான். படத்தைப் பார்த்து எண்ணைத் திரும்ப எடுக்க முடியவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதைச் சேமிக்க வேண்டும்? ஒரு மணிநேரத்துக்குரிய ஐந்து பக்கற்றுகளின் எடை 100.8, 101.2, 100.5, 101.0, 101.5 கிராம் என்று வையுங்கள். சராசரி 101.0. மிகக் கூடியதிலிருந்து மிகக் குறைந்ததைக் கழித்தால் வீச்சு 1.0. மாதிரியின் அளவு 5. இந்த மூன்றும் இருந்தால் அந்த மணிநேரத்தின் வரைபடப் புள்ளியை எப்போதும் திரும்பப் போடலாம். சராசரியை மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது போதாது. 98 கிராமும் 104 கிராமும் கலந்த மாதிரிக்கும் சராசரி 101 வரும். இயந்திரம் தடுமாறுவதைக் காட்டிக்கொடுப்பது வீச்சு.

சாஸ் பணமின்றிப் பழக வேண்டுமென்றால் சாஸ் ஆன்டிமாண்ட் ஃபார் அகாடமிக்ஸ் இருக்கிறது. உலாவியிலேயே வேலை செய்யும். கீழே கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வரைபடக் கட்டளையில் வரும் ஷூஹார்ட் என்பதன் எழுத்துகள்: எஸ், எச், ஈ, டபிள்யூ, எச், ஏ, ஆர், டி (SHEWHART). 1924இல் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்த வால்டர் ஷூஹார்ட்டின் பெயர்தான் அது.

முதலில் தரவு. அதற்குப் பாக் என்று பெயர் வையுங்கள். ஒரு பக்கற்றுக்கு ஒரு வரி. மூன்று நிரல்கள்: மாதிரி எண்ணுக்கு சாம்பிள், எடைக்கு வெயிட், தேயிலையின் தரத்துக்கு கிரேட். மாதிரி எண்ணாக மணியைப் போடாதீர்கள். நேற்றைய 9 மணியும் இன்றைய 9 மணியும் ஒரே எண்ணாகிவிடும். 1, 2, 3 என்று நாள் தாண்டியும் தொடரும் எண்ணே நல்லது. வரிகள் அந்த எண்ணின் வரிசையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ப்ராக் சோர்ட் (SORT) கட்டளையால் அடுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியமானது: சேமிக்கும் இடம். சாஸில் இடத்தைச் சொல்லாமல் ஒரு பெயர் கொடுத்தால், அது வொர்க் என்ற தற்காலிக நூலகத்துக்குப் போகும். அமர்வை மூடியதும் அது அழிந்துவிடும். கணக்கு சேமித்தாயிற்று என்று வீட்டுக்குப் போய், காலையில் வந்து வெறும் நூலகத்தைப் பார்ப்பதைப் போல் மனதை உடைப்பது வேறில்லை. ஆகவே முதல் வரியிலேயே நிரந்தர நூலகம் ஒன்றைத் திறந்துவிடுங்கள்:

லிப்நேம் க்யூசி 'கோப்புறையின் முகவரி';

கோப்புறையில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் காட்டும் முகவரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் ஒட்டலாம்.

இனி கணக்கு:

ப்ராக் ஷூஹார்ட் டேட்டா=பாக்;
எக்ஸ்ஆர்சார்ட் வெயிட்*சாம்பிள் / அவுட்ஹிஸ்டரி=க்யூசி.பாக்சம் அவுட்லிமிட்ஸ்=க்யூசி.பாக்லிம் நோசார்ட்;
ஐடி கிரேட்;
ரன்;

அவுட்ஹிஸ்டரிதான் மாதிரிக்கு ஒரு வரி வீதம் சுருக்கத்தை எழுதி வைக்கிறது. அவுட்லிமிட்ஸ் கட்டுப்பாட்டு எல்லைகளை வைக்கும். நோசார்ட் என்றால் இப்போதைக்குப் படம் வேண்டாம் என்று பொருள். ஐடி வரியை விட்டுவிடாதீர்கள். கனவளவை வைத்து நிரப்பும் இயந்திரத்தில், பொடித் தேயிலையிலிருந்து பெரிய இலைக்கு மாறினால் எடையும் மாறும். பிறகொரு நாள் புள்ளி ஏன் நகர்ந்தது என்று தேடும்போது, அந்த கிரேட் நிரல் உடனே பதில் சொல்லும்.

பாக்சம்மைத் திறந்து பாருங்கள். வெயிட்எக்ஸ் சராசரி, வெயிட்ஆர் வீச்சு, வெயிட்என் மாதிரி அளவு. நீங்கள் கொடுத்த பெயரின் வாலில் சாஸ் ஓரெழுத்தை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு எடை பதியாமல் விடுபட்டிருந்தால் அந்த வரியில் வெயிட்என் 4 ஆக இருக்கும். இதைக் கவனிக்க வேண்டும், எல்லையைப் போடும் காரணி ஐந்துக்கு 0.577, நான்குக்கு 0.729.

முதல் தடவை எல்லையைக் கையாலும் போட்டுச் சரிபாருங்கள் என்பேன். எங்கள் கணக்கில் 25 மாதிரிகளின் பொதுச் சராசரி 101.1, சராசரி வீச்சு 1.3 என்று வைத்தால், 0.577 × 1.3 = 0.75. அதைப் பொதுச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 101.85, கழித்தால் கீழ் எல்லை 100.35. பாக்லிம்மிலும் இதே எண்கள் வரவேண்டும்.

நாளைக்குப் புதிய எடைகள் வரும். அதே அவுட்ஹிஸ்டரி பெயரை மறுபடி கொடுத்தால் பழையது அழிந்து புதியது எழுதப்படும். அதனால் அன்றைய சுருக்கத்தை நியூசம் என்ற வேறு பெயரில் எடுங்கள், ஐடி வரியோடு. இந்தத் தடவை அவுட்லிமிட்ஸ் வேண்டாம். அப்புறம் சேருங்கள்:

ப்ராக் அப்பெண்ட் பேஸ்=க்யூசி.பாக்சம் டேட்டா=நியூசம்;
ரன்;

இதை ஒரே தடவைதான் ஓட்டவேண்டும். இரண்டு தடவை ஓட்டினால் அன்றைய வரிகள் இரட்டிப்பாகிவிடும். சந்தேகமென்றால் கடைசி மாதிரி எண்ணைப் பாருங்கள்.

இப்போது வரைபடம். மூல எடைகள் தேவையில்லை:

ப்ராக் ஷூஹார்ட் ஹிஸ்டரி=க்யூசி.பாக்சம் லிமிட்ஸ்=க்யூசி.பாக்லிம்;
எக்ஸ்ஆர்சார்ட் வெயிட்*சாம்பிள்;
ரன்;

இங்கே வெயிட்எக்ஸ் என்று எழுதக்கூடாது, வெறும் வெயிட்தான். வாலைச் சாஸ் தானே சேர்த்துத் தேடிக்கொள்ளும். எல்லைகளையும் வெயிட், சாம்பிள் என்ற அதே பெயர்களை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது. இடையில் பெயரை மாற்றினால் பாக்லிம் கண்ணுக்குப் படாது. இயந்திரம் சரியாக ஓடினால், இன்றைய புள்ளிகள் முதல் 25 மாதிரிகளின் எல்லைக்கோடுகளுக்கு நடுவில் விழும். ஏதாவது ஒன்று வெளியே போனால் பாக்சம்மில் அந்த வரியின் கிரேட்டைப் பாருங்கள், பிறகு இயந்திரத்துக்குப் போங்கள்.