ஓசூரில் மாதச் சம்பளம், மாலையில் ஃப்ரீலான்ஸ்: முதல் பில் போடும் முன்

பகலில் ஓசூர் சிப்காட்டில் டிசைன் வேலை. மாலையில் பெங்களூர் பட்டறைகளுக்கு ஆட்டோகேட் டிராயிங் போட்டுத் தருகிறேன். "நானும் ஆரம்பிக்கட்டுமா அண்ணா?" என்று கேட்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது.

படி 1: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படியுங்கள்

சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்தோமே, அதுதான். "முன் அனுமதியின்றி வேறு தொழில் செய்யக் கூடாது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறதே என்பார்கள். அது கைகொடுப்பது பெரும்பாலும் வேலையை விட்ட பிறகுதான். வேலையில் இருக்கும்போது உள்ள கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

அதனால் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: என்ன வேலை, எந்த நேரத்தில், கம்பெனியின் போட்டியாளருக்கு இல்லை என்று. பதிலைப் பத்திரமாக வையுங்கள். கம்பெனி லேப்டாப்பில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். வேலையின் பகுதியாகச் செய்ததன் பதிப்புரிமை (காப்பிரைட்) முதலாளிக்கே போகும். எது யாருடையது என்ற கேள்விக்கே நாம் இடம் வைக்கக் கூடாது.

படி 2: வாடிக்கையாளரிடம் எழுதி வாங்குங்கள்

எத்தனை டிராயிங், எத்தனை திருத்தம், எத்தனை நாளில் பணம். ஒரு பக்கம் போதும். முழுப் பணமும் வந்த பிறகே உரிமை அவர்களுக்கு மாறும் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.

படி 3: பில்லும் டிடிஎஸ்ஸும்

ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், தொழில்முறைக் கட்டணத்தில் கம்பெனிகள் 10 சதவீதத்தை வரியாக முன்பே பிடிப்பார்கள்; அதுதான் டிடிஎஸ். நான் முதல் வருடம் அதைக் கவனிக்காமல், வழக்கம்போல சம்பளக்காரர்களுக்கான வருமான வரி ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1 போட்டுவிட்டேன். பில் தொகை முழுக்க ஏஐஎஸ்ஸில், அதாவது வரித்துறை வைத்திருக்கும் நம் ஆண்டு வருமான விவர அறிக்கையில், நின்றது. வருமானம் ஒத்துப்போகவில்லை என்று மெயில் வந்தது. ரிட்டர்னைத் திருத்திப் போடும் வரைக்கும் தூக்கமில்லை. தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 ஆகாது; ஐடிஆர்-3 அல்லது 4 தான்.

பொறியியல் போன்ற, வருமான வரிச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில் என்றால், அதன் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். சம்பளம் 9 லட்சம், டிராயிங் வரவு 3 லட்சம் என்று வையுங்கள். சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 8,25,000, வரவில் பாதி 1,50,000, ஆக 9,75,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. டிடிஎஸ்ஸாகப் பிடித்த 30,000 திரும்ப வரும், ரிட்டர்ன் போட்டால் மட்டும்.

அப்புறம் ஜிஎஸ்டி. அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம், உடனே பதிவு வேண்டுமோ என்று பயப்படுவார்கள். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை வேண்டியதில்லை. அதில் சம்பளம் சேராது.

டிடிஎஸ் போக வரி 10,000 அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வரி, உண்டு. 44ஏடிஏவில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம், தாண்டினால் வட்டி.