ஒசாகா கோட்டைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜப்பானின் ஒசாகா கோட்டைக்குள் நுழைந்ததும் எல்லார் கண்ணும் அந்தப் பச்சைக் கூரைக் கோபுரத்தில்தான். நேராக அங்கே போய், லிஃப்ட் ஏறி, உச்சியில் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கோபுரம் 1931-இல் ஊர் மக்கள் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம். நிஜமான பழசெல்லாம் நீங்கள் வேகமாகக் கடந்து வந்த வழியில் இருக்கிறது.

சகுரா வாசலைத் தாண்டியதும் கொஞ்சம் நில்லுங்கள். எதிரே வழியை மறிக்கும் சுவரில் ஒரு ராட்சதக் கல் இருக்கும். முகத்தில் ஆக்டோபஸ் போல ஒரு கறை இருப்பதால் அதற்குத் தகோ இஷி, ஆக்டோபஸ் கல், என்று பெயர். எடை ஏறக்குறைய 108 டன் என்கிறார்கள். வாசலுக்கு நேரே எதற்குச் சுவர்? உள்ளே பாயும் எதிரி அங்கே திரும்பியே ஆக வேண்டும். அவன் தடுமாறும் அந்த நேரத்தில் மேலே இருப்பவர்கள் சுற்றிலுமிருந்து சுடுவார்கள். வாசலுக்கும் அந்தச் சுவருக்கும் இடையிலுள்ள முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

இது 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிதெயோஷி கட்டிய கோட்டை என்று நினைப்பது அடுத்த தவறு. அவர் 1583-இல் தொடங்கிய கோட்டை 1615 போரில் எரிந்தது. வென்ற தொகுகாவா வம்ச ஆட்சி அதன் மிச்சத்தை மண்ணுக்கடியில் புதைத்துவிட்டு, 1620 முதல் மேலே புதிதாகக் கட்டியது. இப்போது தெரியும் மதில்கள் அவர்களுடையவை. கற்களில் சின்னச் சின்னக் குறிகள் வெட்டியிருக்கும். வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட பிரபுக்களின் அடையாளங்கள் அவை. தேடிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, கோபுரம் வெறும் டூப்ளிகேட்தானே என்று ஒதுக்குவதும் தவறு. பழைய கோபுரம் 1665-இல் இடி விழுந்து எரிந்தபின், 266 ஆண்டுகள் அங்கே கோபுரமே இல்லை. இப்போதிருப்பது 1945 குண்டுவீச்சையும் தாங்கி நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம். பழைய மரப்படிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்கு 1609-இல் கட்டி முடிந்த ஹிமேஜி கோட்டை இருக்கிறது. அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். வழுக்காத சாக்ஸ் நல்லது.

நகோயா நகரத்துக் கோட்டைக்கும் போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். அங்கே கான்கிரீட் கோபுரத்தின் உட்புறத்தை 2018-இல் பூகம்ப பயத்தால் மூடினார்கள். ஆனால் பக்கத்திலேயே, பழைய வரைபடங்களையும் படங்களையும் வைத்து மரத்தில் திரும்பக் கட்டிய ஹொம்மாரு அரண்மனை இருக்கிறது. என்னைக் கேட்டால், கோபுரத்தை விட அதுதான் அழகு.