டெல்டாவிலிருந்து சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு

சேப்பாக்கத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் ஐபிஎல்லை விட்டுவிடுங்கள், டெஸ்ட் மேட்ச்சுக்குப் போங்கள். அந்த மண் என்னவெல்லாம் செய்கிறது என்று பார்க்க நாள் முழுக்க நேரம் கிடைக்கும். நீடாமங்கலம் பக்கம் நெல் போடுகிற எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மூன்றாம் நாளுக்கு டிக்கெட் எடுங்கள். முதல் நாள் பிட்ச் கெட்டியாக இருக்கும். மூன்றாம் நாள் மதியத்துக்குள், தண்ணீர் கட்டாத வயல் மாதிரி வெடிப்பு விட ஆரம்பிக்கும். சுழற்பந்துக்காரர்கள் கைக்கு ஆட்டம் வரும் நேரம் அது. பந்து விழும் இடத்தில் தூசு கிளம்புகிறதா என்று கவனியுங்கள். 1988-ல் நம் சுழற்பந்துக்காரர் ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டிலேயே 16 விக்கெட் எடுத்தது இங்கேதான்.

நாங்கள் மன்னை எக்ஸ்பிரஸில் போவோம், தஞ்சாவூர்க்காரர்களுக்கு உழவன் இருக்கிறது. இரண்டும் ராத்திரி வண்டி. எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே இறங்கினாலும் மின்சார ரயில் பிடித்துப் பார்க் ஸ்டேஷன் போய், அப்படியே பார்க் டவுனுக்கு நடந்து பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். மைதானம் பக்கத்திலேயே.

மேற்குப் பக்க ஸ்டாண்டில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், மதியத்துக்கு மேல் நிழல் வந்துவிடும். சென்னை வெயிலும் கடல் புழுக்கமும் சேர்ந்தால் ஆளை உருக்கிவிடும். 1986 செப்டம்பரில் 210 ரன் அடித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மேட்ச்தான் கடைசியில் இரண்டு அணியும் சம ரன்னில் முடித்து டை ஆனது. தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள், அதனால் காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நுழையுங்கள்.

கூடவே பிள்ளைகள் வந்தால், உட்கார்ந்திருக்கும் இடத்தின் கதையைச் சொல்லிக் கொடுங்கள். 1952-ல் இந்தியா முதல் முறையாக டெஸ்ட் ஜெயித்த மைதானம் இது. இங்கிலாந்துக்கு எதிரான அந்த மேட்ச்சில் வினு மன்கட் 12 விக்கெட். 1999-ல் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றோம். அப்போது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. 2016-ல் கருண் நாயர் இங்கே அடித்த 303-ஐ விட எனக்கு இது பெரிது. ஆனால் அந்த 2016 டெஸ்ட்டையும் மறக்க முடியாது. வர்தா புயலில் நனைந்த பிட்ச்சை அங்கே நெருப்புக் கரி வைத்துக் காயவைத்தார்கள். இங்கே டெல்டாவில் அந்த வருஷம் தண்ணீர் இல்லாமல் சம்பா கருகியது.

ஆட்டம் ஐந்து மணி வாக்கில் முடியும். அவசரமில்லை, கூட்டம் கலைந்ததும் மெரினா வரை நடந்துவிட்டு வந்தாலும் ராத்திரி வண்டியைப் பிடித்துவிடலாம்.