காட்டு வான்கோழி வழிமறித்தால்

அமெரிக்காவில் பாஸ்டன் புறநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது. மார்ச் முதல் மே வரை காட்டு வான்கோழிகளின் இனச்சேர்க்கைக் காலம். சேவல்கள் வாலை விசிறியாக விரித்து நடுத்தெருவில் நின்றுகொள்ளும். பயந்து ஒதுங்கினால் போச்சு! யார் பெரியவர், யார் சின்னவர் என்ற வரிசை அவற்றின் கூட்டத்தில் உண்டு. ஒதுங்குகிற மனிதரையும் தனக்குக் கீழே சேர்த்துவிடும். அப்புறம் பார்க்கும்போதெல்லாம் துரத்தும். அதனால் பின்வாங்காமல் சத்தம் போடுங்கள், துடைப்பத்தை ஆட்டுங்கள், தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சுங்கள். அடித்துக் காயப்படுத்த வேண்டாம்.

காரைக் கொத்துகிறதா? பளபளப்பில் தெரியும் தன் உருவத்தையே எதிரிச் சேவல் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கார்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் சரியாகிவிடும்.

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851-க்குப் பிறகு அடியோடு அழிந்துபோன பறவை இது. 1970-களில் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து விட்ட 37 பறவைகள்தான் இப்படிப் பெருகியிருக்கின்றன. பாவம் என்று தீனி மட்டும் போடாதீர்கள். சின்னப் பறவைகளுக்காகத் தொங்கவிடும் தானியக் கூட்டின் அடியில் சிந்துவதையும் பெருக்கிவிடுங்கள், அல்லது கூட்டையே கொஞ்ச நாள் எடுத்துவிடுங்கள்.