அடுத்த மின்சாரக் காரைக் கம்பம்மெட்டில் ஏற்றிப் பாருங்கள்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளப் பக்கம் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வர வேண்டும். நான்கு வருடம் ஓட்டிய மின்சாரக் காரை இப்போது மாற்றப் போகிறேன். "பழகின கம்பெனி, அதையே எடுங்க மாப்பிள்ளை" என்கிறார் மச்சான். எனக்கு அது போதவில்லை.

2020-ல் டாடாவின் நெக்ஸான் மின்சாரக் கார் வந்தபோது நம் பட்ஜெட்டுக்குப் பெரிதாகப் போட்டி இல்லை. இப்போது மஹிந்திரா, எம்ஜி, தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்திருக்கும் வின்ஃபாஸ்ட் என்று வரிசை நீள்கிறது. கம்பெனி மாறினால் சார்ஜர் பொருந்தாதோ என்று பயப்பட வேண்டாம். இந்தக் கம்பெனிகளின் வேகச் சார்ஜ் வசதி உள்ள இன்றைய கார்களில் சி.சி.எஸ்.2 என்ற ஒரே வகைச் சார்ஜிங் கன்தான் (வண்டியில் செருகும் முனை).

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடிக்காதீர்கள். நாலு பேரை உட்கார வைத்து, டிக்கியில் இரண்டு மூட்டை போட்டு, உங்கள் மலைப்பாதையிலேயே ஏற்றுங்கள். அடிவாரத்தில் பேட்டரி எத்தனை சதவீதம், உச்சியில் எத்தனை, திரும்பி இறங்கியதும் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் வண்டியை 100 மீட்டர் உயர்த்தவே 0.4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் மலையில் நிற்காது. என் வண்டி ஏறும்போது 15 சதவீதம் குடித்து, இறங்கும்போது 2 சதவீதம் திருப்பித் தரும். மேலே முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்குப் போக இடமிருக்காது, மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். 80 சதவீதத்தில் நிறுத்துவது என் வழக்கம்.

அப்புறம் சர்வீஸ். போன ஐப்பசி மழையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றது. மதுரைக்குக் கட்டி இழுத்துப் போய், திரும்ப வர பதினோரு நாள். அந்த வார ஏலம் போச்சு. அதனால் பேட்டரி வேலை தெரிந்த ஆள் தேனியிலேயே இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆயுள் முழுக்க என்றால், முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். விற்கும்போது விலை அதில்தான் நிற்கும்.

பழைய வாடிக்கையாளர் என்று தள்ளுபடி தருவார்கள். போட்டிக் கம்பெனியின் கொட்டேஷனை மேசையில் வைத்துவிட்டு அதைக் கேளுங்கள். நான் கேட்டபோது முதலில் சொன்னதைவிட 22,000 ரூபாய் கூடுதலாகக் குறைத்தார்கள். கையெழுத்து இன்னும் போடவில்லை; ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வண்டி மெட்டு ஏற வருகிறது.